பொட்டலம் கட்டிய கால்நடை மருத்துவர்: வில்லியம் கூப்பர் (1813–1885)



வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உண்ணிக்கென்று வாங்கி வைத்திருக்கும் சொட்டு மருந்தின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். இத்தனை கிலோ எடைக்கு இந்த அளவு, இத்தனை வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும், கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். நாய் இல்லாதவர்கள் சமையலறை அலமாரிக்கு அடியில் இருக்கும் எறும்புப் பொடி டப்பாவைப் பாருங்கள். அதிலும் இதே மாதிரி நாலு வரி இருக்கும்.

நமக்கு இது சாதாரண விஷயம். மருந்துக் கடைக்குப் போகிறோம், வாங்குகிறோம், பெட்டியில் சொன்னபடி போடுகிறோம். ஆனால் ஒரு விஷத்தைச் சரியாக அளந்து, பொட்டலம் கட்டி, எப்படிப் பயன்படுத்துவது என்று மேலே அச்சடித்து, மருத்துவர் காலடி படாத ஊருக்கும் அனுப்பி வைப்பதை ஒரு தொழிலாகவே நடத்திக் காட்டிய முன்னோடிகள் சிலர் இருந்தார்கள். இந்தக் காலாண்டில் உங்களுக்கு அறிமுகம் செய்யும் வில்லியம் கூப்பர் அவர்களில் முக்கியமானவர். இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் குதிரைக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், உலகம் முழுக்க ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் பெயராக மாறிய கதை இது. நம் வளாகத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கிளன்பரியிலிருந்து பெர்காம்ஸ்டெட்டுக்கு

வில்லியம் கூப்பர் 1813-ல் பிறந்தவர். சொந்த ஊர் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் உள்ள கிளன்பரி என்ற கிராமம். வேல்ஸ் எல்லையை ஒட்டிய மேட்டுநிலம் அது. புல்வெளியும் செம்மறியாடும்தான் அந்தப் பக்கத்து வாழ்க்கை.

1840-களின் தொடக்கத்தில் அவர் பெர்காம்ஸ்டெட் என்ற சிறு ஊருக்கு வந்து சேர்ந்தார். இது லண்டனிலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் சில்டெர்ன் குன்றுகள், பண்ணைகள், ஆட்டு மந்தைகள். ஊரின் வழியாக ஒரு சரக்குக் கால்வாய் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெட்டப்பட்டிருந்தது. 1830-களின் கடைசியில் லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கும் ரயில் பாதையும் வந்துவிட்டது. இந்தக் கால்வாயையும் ரயிலையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

அந்தக் காலத்தில் கால்நடை மருத்துவம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1791-ல். கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரிக்கு அரச சாசனம் கிடைத்தது 1844-ல். அதாவது கூப்பர் பெர்காம்ஸ்டெட்டில் தொழில் பார்க்கத் தொடங்கிய நாட்களில்தான் இது ஒரு முறையான தொழில் என்ற அங்கீகாரமே கிடைத்துக்கொண்டிருந்தது. கிராமங்களில் லாடம் கட்டுகிறவரே வைத்தியரும் ஆவார். படித்த மருத்துவர்கள் பெரும்பாலும் குதிரையைத்தான் பார்த்தார்கள். குதிரை விலை உயர்ந்தது. அதற்குச் செலவழிக்க ஆள் உண்டு. ஒரு ஆட்டுக்கு மருத்துவரைக் கூப்பிட்டால், ஆட்டின் விலையைவிட அவர் கட்டணம் அதிகமாகிவிடும்.

இந்தக் கடைசி வரியில்தான் கூப்பரின் வாழ்க்கைப் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு ஆட்டுக்கு மருத்துவர் வர முடியாது. ஆனால் மந்தை முழுவதும் நோயில் விழுந்தால் பண்ணையாரின் குடும்பமே விழுந்துவிடும்.

மந்தையை அழிக்கும் சொறி

அந்த நோயின் பெயர் ஆட்டுச் சொறி. இதற்குக் காரணம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு சொறிப்பூச்சி. ஆட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகாது. ரோமத்துக்கு அடியில் தோலின் மேலேயே வாழும். அதன் தொல்லையால் தோல் புண்ணாகி நீர் கசியும். அந்த நீர் காய்ந்து பொருக்குத் தட்டும். பொருக்கின் ஓரத்தில் பூச்சி பெருகும். ஆடு அரிப்புத் தாங்காமல் வேலியிலும் மரத்திலும் உடம்பைத் தேய்க்கும். தன்னைத் தானே கடித்துக்கொள்ளும். மேய்ச்சலை மறந்துவிடும். ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். மெலிந்து, கவனிக்காமல் விட்டால் செத்தும் போகும். கம்பளிக்காகவே ஆடு வளர்க்கிற நாட்டில் இதைவிடப் பெரிய இடி வேறு என்ன?

இன்னொரு சங்கடமும் உண்டு. முட்டையிலிருந்து பூச்சி வளர்ந்து மறுபடி முட்டையிடும் நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். வேலியில் ஒட்டிக்கொண்ட ஒரு கொத்து ரோமத்தில்கூட இரண்டு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அந்த வேலியில் அடுத்த மந்தை வந்து உரசினால் அதற்கும் ஒட்டிக்கொள்ளும். நம் வளாகத்தில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் கரப்பான் மருந்து அடித்தால், குழாய்ச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து மறுபடியும் வந்து சேரும் அல்லவா? அதே கதைதான்.

கூப்பர் காலத்துக்கு முன்பு இதற்கு என்ன செய்தார்கள்? புகையிலைச் சாறு, வாத்துக் கொழுப்பு, கந்தகம், தார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்தார்கள். ஒவ்வொரு மேய்ப்பருக்கும் ஒரு கைப்பக்குவம். ஆட்டைப் பிடித்துப் படுக்க வைத்து, ரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, விரலால் தோலில் தடவ வேண்டும். ஒரு நாள் முழுக்க முதுகு ஒடியக் குனிந்து வேலை செய்தாலும் முடிக்கக்கூடிய ஆடுகள் கொஞ்சம்தான். தாரும் கொழுப்பும் பட்ட கம்பளிக்கு விலையும் குறையும். தடவாமல் விட்ட ஓரிடத்தில் பூச்சி மிஞ்சினால் அத்தனை உழைப்பும் வீண்.

1852: மூன்று சரக்கு, ஒரு பொட்டலம்

ஆட்டை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பது கூப்பரின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு முன்பே அது நடைமுறையில் இருந்தது. வெள்ளைப் பாஷாணம் என்று நம்மூரில் சொல்லும் ஆர்செனிக்கை அந்தத் தண்ணீரில் கலக்கும் வழக்கமும் இருந்தது. கந்தகம் சொறிக்கு நல்லது என்பது உலகறிந்த விஷயம். சரக்கு எதுவும் புதிது இல்லை.

அப்படியானால் அவர் செய்தது என்ன?

ஆர்செனிக்கை வைத்துக்கொண்டு ஒரு மேய்ப்பர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் பாஷாணம் குளிர்ந்த தண்ணீரில் எளிதில் கரையாது. கரையாத பொடி அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் தண்ணீரில் முங்கிய ஆட்டின் பூச்சி சாகாது. அடியில் கலக்கிவிட்ட தண்ணீரில் முங்கிய ஆடே செத்துப் போகும். மருந்து குறைந்தால் பயனில்லை, கூடினால் தோல் வெந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, தராசுகூட இல்லாத ஒரு ஆட்டுக்காரர் தலையில் இருந்தது.

கூப்பர் பல கலவைகளைச் செய்து பார்த்துச் சோதித்தார். கடைசியில் ஆர்செனிக், கந்தகம், சோடா உப்பு மூன்றையும் பக்குவப்படுத்திச் சேர்த்து அரைத்த ஒரு பொடிக்கு வந்து சேர்ந்தார். சோடா போன்ற காரம் சேர்ந்தால் ஆர்செனிக் தண்ணீரில் கரையும். கந்தகம் கரையாமல் மெல்லிய தூளாக ரோமத்திலேயே ஒட்டி நிற்கும். 1852-ல் இது விற்பனைக்கு வந்தது. கூப்பர் டிப் என்று பெயர் வாங்கியது. வணிக ரீதியில் வெற்றி பெற்ற முதல் ஆட்டுக் குளியல் மருந்து என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதன் பலம் மூன்று விஷயங்களில் இருந்தது. முதலாவது, பொடி என்பதால் எடை குறைவு, கெடாது, எவ்வளவு தூரமும் அனுப்பலாம். தண்ணீர் அந்தந்த ஊரிலேயே கிடைக்கும். அதை ஏன் கப்பலில் ஏற்ற வேண்டும்? இரண்டாவது, அளவை மருத்துவரே அளந்து பொட்டலத்தில் போட்டுவிட்டார். ஆட்டுக்காரர் செய்ய வேண்டியது, சொன்ன அளவு தண்ணீரில் பொட்டலத்தைக் கொட்டிக் கலப்பது மட்டும். மூன்றாவது, எப்படிக் கலப்பது, எத்தனை நேரம் முக்குவது, மறுபடி எப்போது முக்குவது என்ற குறிப்பு பொட்டலத்தோடேயே போனது.

மறுபடி முக்குவது ஏன் என்று கேட்கலாம். முட்டைக்குள் இருக்கும் பூச்சியை ஆர்செனிக் கொல்லாது. முட்டை பொரிந்த பிறகு, அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன்பு, இன்னொரு முறை முக்கியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக் குழந்தைக்குப் பேன் மருந்து போட்ட அம்மாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டாம் முறை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும்.

இதில் காலத்தையும் கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஆர்செனிக் எங்கும் கிடைத்தது. எலி மருந்தில் இருந்தது. சுவரில் ஒட்டும் பச்சைக் காகிதத்தின் சாயத்தில் இருந்தது. கொலை வழக்குகளிலும் இருந்தது. அதனால்தான் 1851-ல் ஆர்செனிக் விற்பனைக்கு ஒரு சட்டமே வந்தது. யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று கடைக்காரர் ஏட்டில் எழுத வேண்டும். சில்லறையாக விற்கும்போது, சர்க்கரை, மாவு என்று யாரும் தவறாக நினைக்காதபடி கரியோ அவுரியோ கலந்து நிறம் மாற்ற வேண்டும். அந்தச் சட்டம் வந்த மறு வருஷம்தான் கூப்பரின் பொடி வந்தது. நாடே பயந்துகொண்டிருந்த ஒரு பொருளை அவர் மருந்தாக விற்க வந்தார். அளவை நம்பித்தான் விற்றார்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் ஆலை

பெர்காம்ஸ்டெட்டில் ரேவன்ஸ் லேன் என்ற தெருவில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் குதிரையைக் கட்டி ஆலையைச் சுற்ற வைத்து அரைத்தார்கள். பிறகு நீராவி இயந்திரம் வந்தது. பொடி அரைப்பது, எடை போடுவது, பொட்டலம் கட்டுவது, பெட்டியில் அடுக்குவது என்று ஊராருக்கு வேலை கிடைத்தது. முதலில் பார்த்தோமே, அந்தக் கால்வாயும் ரயிலும் இப்போது கைகொடுத்தன. பெட்டிகள் லண்டன் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறுவது எளிதாயிற்று.

கப்பல் எங்கே போயிற்று? ஆடு எங்கே இருந்ததோ அங்கே. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அமெரிக்க ஐக்கிய நாடுகள். ஆயிரக்கணக்கில் ஆடு இருக்கும், நூறு மைலுக்கு ஒரு கால்நடை மருத்துவர்கூட இருக்க மாட்டார். அப்படிப்பட்ட நாடுகளுக்கென்றே செய்தது போல இருந்தது இந்தப் பொட்டலம்.

தொழில் பெரிதானபோது உடன்பிறந்தவரின் பிள்ளைகள் வந்து தோள் கொடுத்தார்கள். கம்பெனியின் பெயரே வில்லியம் கூப்பர் அண்டு நெஃப்யூஸ் என்று ஆனது. நம்மூரில் அண்டு சன்ஸ், அண்டு பிரதர்ஸ் என்று எத்தனையோ பலகை பார்த்திருப்பீர்கள். அண்டு நெஃப்யூஸ் என்று பெருமையாகப் போட்டுக்கொண்ட கம்பெனி அபூர்வம். அவர்களில் ரிச்சர்ட் பவல் கூப்பர் முக்கியமானவர். அவரும் கால்நடை மருத்துவர்தான்.

பொட்டலத்தின் மேலுறையும் குறிப்பும் எவ்வளவு முக்கியம் என்பதைக் கம்பெனி நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. சொந்தமாகவே ஓர் அச்சகம் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னாளில் கிளன்பரி பிரஸ் என்று பெயர் வந்தது. அதாவது நிறுவனர் பிறந்த கிராமத்தின் பெயர். மருந்துக் கம்பெனி ஒன்று அச்சகத்துக்குச் சொந்த ஊர்ப் பெயரை வைத்தது சின்ன விஷயம்தான். ஆனால் அந்த அச்சகத்தில் சரியாக ஓடிய எழுத்துதான், உலகத்தின் மறுகோடியில் இருந்த மந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வில்லியம் கூப்பர் 1885-ல் காலமானார். அதன் பிறகு ரிச்சர்ட் பவல் கூப்பர் நிர்வாகத்தைக் கையில் எடுத்து, வெளிநாட்டு வியாபாரத்தை இன்னும் விரித்தார். 1905-ல் அவருக்குப் பேரனட் பட்டம் கிடைத்தது. 1925-ல் போட்டியாளர்களோடு இணைந்து கூப்பர், மெக்டூகல் அண்டு ராபர்ட்சன் என்ற பெரிய நிறுவனமானது. 1959-ல் வெல்கம் நிறுவனம் அதை வாங்கியது. அதன் பிறகும் பல கை மாறியது. ஆனாலும் ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் கால்நடை மருந்துகளின் மேல் கூப்பர்ஸ் என்ற பெயரைப் பார்க்கலாம்.

சொறி ஒழிந்ததா?

நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 1890-களில் தங்கள் மண்ணிலிருந்து ஆட்டுச் சொறியை விரட்டிவிட்டன. இதற்குக் கூப்பரின் பொடி மட்டும் காரணம் என்று சொன்னால் அது மிகை. புகையிலையும் கந்தகமும் சேர்ந்த குளியல், சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த குளியல் என்று வேறு கலவைகளும் அங்கே பரவலாகப் பயன்பட்டன. அதைவிட முக்கியமாக, சட்டம் இருந்தது. சொறி வந்த மந்தையை மறைத்தால் அபராதம், எல்லை தாண்டி ஓட்டத் தடை, ஊர் ஊராக வந்து பார்க்கும் அதிகாரிகள். ஊரில் ஒருவர் முக்கினால் போதாது, எல்லாரும் முக்க வேண்டும் என்று வைத்தார்கள். அப்புறம்தான் நோய் போயிற்று.

கூப்பரின் சொந்த நாடான பிரிட்டனில் இதற்கு இன்னும் அதிகக் காலம் பிடித்தது. 1952-ல்தான் நோய் முற்றிலும் ஒழிந்தது. அதை முடித்து வைத்தது 1940-களில் வந்த புதிய ரசாயனம், ஆர்செனிக் அல்ல. அப்படியும் 1973-ல் சொறி திரும்பி வந்துவிட்டது. இன்று வரை அங்கே இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பண்ணைகள் ஒரே நேரத்தில் ஒற்றுமையாக மருந்து போடாவிட்டால் இந்தப் பூச்சி போகாது. சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒற்றுமைப் பிரச்சினை புதிதாக இருக்காது!

அளவு யாருக்கு?

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் கூப்பரைப் பற்றிப் படிக்கும்போது கூடவே வரும் இன்னொரு பக்கத்தையும் உங்களிடமிருந்து மறைக்கக் கூடாது.

1948-ல் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஹில், ஃபானிங் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிராட்ஃபோர்டு ஹில் யார் என்றால், புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பின்னாளில் நிறுவிய இருவரில் ஒருவர். 1948-ல் அவர்கள் பார்த்தது ஆர்செனிக் கலந்த ஆட்டுக் குளியல் பொடி செய்யும் ஓர் ஆலையின் தொழிலாளர்களை. இறந்துபோன தொழிலாளர்களில் 100-க்கு சுமார் 29 பேர் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அதே பகுதியில் வேறு வேலை பார்த்தவர்களில் இது 100-க்கு சுமார் 13. முக்கியமாகத் தோலிலும் நுரையீரலிலும் வந்த புற்றுநோய். ஆர்செனிக் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதற்கு ஆரம்ப காலத்தில் கிடைத்த முக்கியமான சான்றுகளில் இதுவும் ஒன்று.

யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்கு எவ்வளவு என்று குன்றிமணி சுத்தமாக அளந்தாயிற்று. ஆட்டுக்காரர் தண்ணீரில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று அச்சடித்தாயிற்று. ஆனால் அந்தப் பொடியை நாள் முழுக்க அரைத்து, சலித்து, பொட்டலம் கட்டுகிற ஆள் எவ்வளவு சுவாசிக்கலாம் என்ற அளவை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதும் அறிவு அன்றைக்கு இருக்கவும் இல்லை. கூப்பர் காலத்தில் இந்தப் புற்றுநோயை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் விலை கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

மண்ணும் விலை கொடுத்தது. ஆர்செனிக் ஒரு தனிமம். சில ரசாயனங்கள் வெயிலிலும் மண்ணிலும் காலப்போக்கில் சிதைந்து போகும். தனிமம் எங்கே போகும்? குளியல் தொட்டியைக் காலி செய்து பக்கத்தில் கொட்டிய தண்ணீரும், நனைந்த ஆடு நின்று சொட்டவிட்ட தண்ணீரும் அந்த மண்ணிலேயே தங்கிவிட்டன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பழைய குளியல் தொட்டிகள் இருந்த இடங்களில் இன்றும் ஆர்செனிக் இருக்கிறது. பண்ணையை மனைகளாகப் பிரித்து வீடு கட்டும்போது முதலில் மண்ணைச் சோதிக்கச் சொல்கிறார்கள். முக்கிய ஆடும் இல்லை, முக்கியவரும் இல்லை. மருந்து மட்டும் இருக்கிறது.

ஆர்செனிக்குக்குப் பிறகு வந்த மருந்துகளும் ஒவ்வொன்றாக இதே பாடத்தைப் படித்தன. 1940-களில் வந்தது மண்ணிலும் கொழுப்பிலும் தங்குகிறது என்று விலக்கினார்கள். அடுத்து வந்தது, ஆட்டை முக்குகிற விவசாயியின் நரம்பைப் பாதிக்கிறது என்று புகார் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டுக்கான அளவு முதலில் தெரிந்தது. மனிதருக்கும் மண்ணுக்குமான அளவு பின்னால்தான் தெரிந்தது.

நம் வளாகத்துக்கு

தொடக்கத்தில் சொன்ன பாடம் இதுதான். கூப்பரின் பொட்டலத்துக்குப் பேரப்பிள்ளைகள் போன்றவை இன்று நம் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும்போது நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, அளவை மாற்றாதீர்கள். பெரிய நாய்க்கான உண்ணி மருந்தில் பாதியைச் சின்ன நாய்க்குப் போடலாம் என்ற கணக்கு வேண்டாம். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்துகள் சில பூனையின் உயிரையே எடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டு, இரண்டாம் தவணையை விடாதீர்கள். முதல் தவணையில் தப்பிய முட்டைக்குத்தான் இரண்டாவது.

மூன்று, பூச்சி மருந்து அடிப்பதை எல்லா வீடுகளும் சேர்ந்து ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், பூச்சியும் குறையும். மீந்துபோன மருந்தைக் கழிவுக் குழாயிலோ செடித் தொட்டியிலோ கொட்ட வேண்டாம்.

நான்காவதுதான் முக்கியம். மருந்து அடிக்க வருகிற தம்பி கையுறையும் முகக்கவசமும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்விடுகிறோம். அவர் அடுத்த வீட்டுக்குப் போகிறார், அதற்கடுத்த வீட்டுக்கும் போகிறார். நமக்கு வருஷத்துக்கு நான்கு முறை படுவது அவருக்குத் தினமும் படுகிறது. முகக்கவசம் இல்லாமல் வந்தால் அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். அவரை அனுப்பும் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். கைகழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள்.

மருத்துவர் வர முடியாத இடத்துக்கு அவருடைய அறிவைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பலாம் என்று கூப்பர் காட்டினார். கோடிக்கணக்கான ஆடுகளும், அவற்றை நம்பியிருந்த குடும்பங்களும் அதனால் பிழைத்தன. அந்தப் பொட்டலத்தைக் கட்டியவர்களை எண்ணிப் பார்க்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. அடுத்த முறை அழைப்பு மணி அடித்து, முதுகில் மருந்துக் கலத்தோடு ஒருவர் வாசலில் நிற்கும்போதே அவரைப் பார்த்துவிடலாம்.